மருமகளின் கல்யாண கேக்

கல்யாணம் அடுத்த சனிக்கிழமை. ஆனால் கேக் இந்தச் சனிக்கிழமையே வெந்தாக வேண்டும்.

பழ கேக்கின் குணம் அப்படி. அடுப்பிலிருந்து வெளியே வந்த சூட்டில் அதற்கு உடம்பில் பலமே இருக்காது. தொட்டால் உதிரும். மூடி வைத்து சில நாள் விட்டுவிட்டால், திராட்சையிலும் பேரீச்சையிலும் ஊறியிருக்கும் ஈரம் மெல்ல மெல்ல மாவுக்குள் இறங்கி எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளும். அதற்கப்புறம்தான் கத்தி சீராக இறங்கும். மேலே முந்திரி விழுதைப் பூசிக் காயவிட்டு, அதற்கும் மேலேதான் வெள்ளை ஐசிங். அவசரப்பட்டால் பழத்தின் நிறம் வெள்ளையில் கசிந்து திட்டுத் திட்டாக நிற்கும்.

இன்பராணிக்கு இதெல்லாம் மனப்பாடம். ஆறு வருஷத்துக்கு முன்னால் இதே மயூர் விஹார் வீட்டில், இதே சமையலறையில், மூன்று அடுக்குக் கல்யாண கேக் செய்தவள் அவள். அன்று அவள் மாப்பிள்ளையின் அம்மா. மாப்பிள்ளை டோனி. பெண் ஃபெபி.

இன்றைக்கும் பெண் ஃபெபிதான்.

டோனி போய் இரண்டு வருஷம் ஆகிறது. ஒரு டிசம்பர் காலை, யமுனைப் பாலத்து மூடுபனியில், விளக்குப் போடாமல் நின்றிருந்த லாரியை ஸ்கூட்டரில் வந்தவன் பார்க்கவில்லை. ஃபெபிக்குப் பெற்றவர்கள் இல்லை. அப்பா அவள் பள்ளிக்கூடம் போகும்போதே போய்விட்டார். அம்மா கல்யாணத்துக்கு மறு வருஷம். இருந்திருந்தாலும் அவள் மாமியார் வீட்டை விட்டுப் போயிருக்கமாட்டாள் என்பது அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். மாப்பிள்ளை தேடியவளே இன்பராணிதான். நாக்பூரில் ரயில்வே வேலையில் இருக்கும் ஞானராஜைச் சபையில் விசாரித்து, எழுதிக் கேட்டு, வரவழைத்து, தோசை சுட்டுப் போட்டவளும் அவள்தான். மாதக்கணக்கில் மாட்டேன் என்று சொன்ன ஃபெபி, ஒரு நாள் வாயைத் திறக்காமல் தலையை மட்டும் அசைத்தாள்.

இன்பராணியின் கணவர் இஸ்ரவேல் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

போன வாரம் போதகர் வந்து, பெண்ணைக் கோயிலுக்குள் நடத்திவந்து மாப்பிள்ளை கையில் கொடுக்கப்போவது யார் என்று கேட்டார். இஸ்ரவேல் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மூடிய கதவைக் கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு, "சனிக்கிழமை சாயங்காலம் இந்தப் பக்கம் வருவேன். அப்ப சொன்னாப் போதும்" என்று போதகர் கிளம்பிவிட்டார்.

அந்தச் சனிக்கிழமைதான் இது.

"கடையிலயே ஒண்ணு ஆர்டர் பண்ணியிருக்கலாம் அத்தை" என்றாள் ஃபெபி. வெண்ணெய்ப் பாத்திரத்தை ரூம் ஹீட்டர் முன்னால் வைத்துத் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"கடை கேக்கு வெறும் பஞ்சு. ரெண்டு நாளுக்குத் தாங்காது. இந்த வீட்டுல இருந்து போற பிள்ளைக்கு அதையா குடுத்து விடுவேன்? பேசாம வெண்ணெயப் பாரு. உருக விட்டுராத."

ஜனவரி டெல்லியில் வெண்ணெய் செங்கல் மாதிரி இருக்கும். அடுப்பில் காட்டினால் நொடியில் இளகிவிடும்தான். ஆனால் உருகிய வெண்ணெயால் கேக்குக்குப் பிரயோஜனம் இல்லை. சீனியைப் போட்டு அடிக்கும்போது, சீனியின் கூரான முனைகள் வெண்ணெயைக் குத்திக் குத்திக் கண்ணுக்குத் தெரியாத காற்றறைகளை உண்டாக்குகின்றன. கேக் எழும்புவதே அந்தக் காற்றால்தான். எண்ணெயாக ஓடுகிற வெண்ணெயில் காற்று தங்காது. எனவே விரலை அழுத்தினால் குழி விழ வேண்டும், வழியக் கூடாது. அந்தப் பதத்துக்கு ஹீட்டர்தான் சரி.

"ஹீட்டர் முன்னாடி நம்மளவிட வெண்ணெய்க்குத்தான் இஜ்ஜத், மரியாதை எல்லாம்" என்றாள் ஃபெபி.

"பேசுற வாய்க்குக் கையும் அசையணும். ஜல்தி."

முன்னறையில் பேப்பரைப் புரட்டும் சத்தம் கேட்டது. காலையில் ஒரு தடவை முழுக்கப் படித்த பேப்பர். இஸ்ரவேல் அதையே மறுபடி முதலிலிருந்து படித்துக்கொண்டிருந்தார்.

இன்பராணி இரும்புச் சட்டியில் சீனியைப் போட்டுக் கருக்க ஆரம்பித்தாள். கேக்கின் கறுப்பு நிறம் இதிலிருந்துதான் வருகிறது. சீனி முதலில் தேனாகும், பிறகு டீயாகும், பிறகு காப்பி டிகாக்‌ஷனாகும். புகை கிளம்புகிற நேரத்தில் கொதிக்கும் நீரை ஊற்றி நிறுத்த வேண்டும். முந்தினால் பாயச நிறம், பிந்தினால் ஒரே கசப்பு. பச்சைத் தண்ணீரை ஊற்றினாலோ சட்டியே வெடித்தது மாதிரி சீறும்.

"அத்தை."

"ம்."

"மாமாவுக்கு என் மேல கோவமா?"

இன்பராணி திரும்பிப் பார்த்தாள். ஃபெபியின் கண் வெண்ணெய் மேலேயே இருந்தது.

"கோவம்னா நல்லதுல்லா? ஒரு நாள் கத்தித் தீத்துருவாரு. அவருக்குக் கோவம் இல்ல பிள்ள."

"அப்புறம் ஏன் பேச மாட்டேங்கறார்? நேத்து டீ குடுத்தேன். தாங்க்ஸ் சொன்னார். அத்தை, எங்கிட்ட தாங்க்ஸ்! நான் என்ன ஆபீஸ் பியூனா?"

"அவரு மகனோட சாமான்ல ஒண்ணையும் இன்னும் எடுக்க விடல. ஸ்கூட்டர் சாவிகூட ஆணியிலயே தொங்குது. நீ போனா அந்தச் சாமானுக்கெல்லாம் ஆளே இல்லாமப் போயிரும்னு…"

கருகிய நெடி மூக்கில் ஏறியது. இன்பராணி பதறிப்போய்க் கெண்டியிலிருந்த வெந்நீரை மொத்தமாகக் கவிழ்த்தாள். சட்டி சீறித் தெறித்தது. வலது மணிக்கட்டில் பொட்டுப் பொட்டாகச் சீனிப்பாகு விழுந்து ஒட்டிக்கொண்டது.

ஃபெபி பாய்ந்து வந்து கையை இழுத்துக் குழாயடியில் பிடித்தாள். ஜனவரிக் குழாய்த் தண்ணீர், ஐஸ் கெட்டது.

"பேஸ்ட் தடவட்டுமா அத்தை?"

"அடி போ. முப்பது வருஷம் ஆஸ்பத்திரி வார்டுல நின்னு பேஸ்ட் தடவாதீங்க, தண்ணிய ஊத்துங்கன்னு கத்துனேன். என் வீட்டுலயே யாரும் கேக்கல." பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். "சட்டியில உள்ளதக் கீழ ஊத்து. அது கசக்கும். இப்ப நீ கருக்கு. நான் சொல்லுதேன்."

ஃபெபி கருக்கினாள். தேன், டீ, டிகாக்‌ஷன். இன்பராணி ஈரத்துணி சுற்றிய கையோடு பக்கத்தில் நின்று புகையைப் பார்த்தாள்.

"இரு… இரு… ஊத்து இப்ப!"

சீற்றம் அடங்கியபோது சட்டியில் பளபளவென்று கறுப்புப் பாகு நின்றது. ஃபெபி நிம்மதியில் மூச்சு விட்டு, யோசிக்காமல் சொல்லிவிட்டாள்.

"போன தடவை இத ஊத்தினது டோனி."

சொன்ன பிறகுதான் உறைத்தது. முன்னறையில் பேப்பர் சத்தமும் நின்றுபோயிற்று.

"ஆமா" என்றாள் இன்பராணி. "பாதிய என் கால்ல ஊத்துனான், கழுத."

இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு இன்பராணி முட்டைகளை எடுக்கிற சாக்கில் அலமாரிப் பக்கம் திரும்பி நின்றாள். ரொம்ப நேரம் எடுத்தாள்.

அப்புறம் வேலை அவர்களை இழுத்துக்கொண்டது. முட்டையை ஒவ்வொன்றாகத்தான் சேர்க்க வேண்டும், அதுவும் குளிர் போன முட்டையாக. குளிர்ந்த முட்டை பட்டால் வெண்ணெய் மறுபடி இறுகி, திரிந்த பால் மாதிரி பிரிந்துவிடும். பழத்தை மாவில் போடுவதற்கு முன் ஒரு கைப்பிடி மைதாவில் புரட்ட வேண்டும். வழுக்குகிற பழம் கனத்தால் அடியில் போய் உட்காரும். மைதா ஒட்டியிருந்தால் சுற்றியிருக்கிற மாவு அதைப் பிடித்துக்கொள்ளும். பழம் நிச்சயதார்த்தத்தன்றே திராட்சை ரசத்தில் ஊறப் போட்டது. டோனி இருந்த வரைக்கும், அம்மா பார்க்காத நேரத்தில் ஜாடியில் ரம் ஊற்றிவிட்டுப் போவான். இன்பராணி மூடியைத் திறந்து மோந்து பார்த்து, "யாரோ இருமல் மருந்தக் கொட்டியிருக்காவ" என்று சொல்லிவிட்டு மூடிவிடுவாள். இந்த ஜாடியில் திராட்சை வாசம் மட்டும்தான் இருந்தது.

டின்கள் மூன்று. சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் இருந்த காலத்தில் டால்டா டப்பாக்களை வெட்டிச் செய்யச் சொன்னவை. உள்ளே வெண்ணெய் தடவிய காகிதம். வெளியே செய்தித்தாளைப் பட்டையாக மடித்துச் சுற்றி நூலால் கட்டியிருந்தாள். கனமான கேக்கின் நடுப்பகுதி வேக நேரமாகும். அதற்குள் ஓரம் கருகிவிடாமல், தடித்த காகிதம் சூட்டைத் தடுத்து நிதானப்படுத்தும்.

மாவை நிரப்பிச் சமன் செய்தபோது மணி பன்னிரண்டு. இனிமேல் காத்திருக்க முடியாது. பேக்கிங் பவுடர் ஈரம் பட்டதுமே வேலையைத் தொடங்கிவிடும். நேரம் கடந்தால் அது உண்டாக்கிய காற்றெல்லாம் வீணாகி, கேக் களியாக உட்கார்ந்துவிடும்.

வீட்டில் இருக்கிற வட்ட ஓவனில் சின்ன டின்கூடப் போகாது. போனாலும் கரண்டை நம்ப முடியாது. டிசம்பர் தோறும் டோனி டின்களை எடுத்துக்கொண்டு போனது பட்பட்கஞ்ச் கிராமத்துச் சந்தில் இருக்கும் ஷகீல் பாயின் பட்டிக்கு. பட்டி என்பது உள்ளே ஆள் படுக்கிற அளவுக்கு ஆழமான செங்கல் அடுப்பு. குளிர்காலத்தில் அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து நெய்யும் மைதாவும் கொடுத்து பிஸ்கட் போட்டு வாங்கிப் போவார்கள்.

இன்பராணி பெரிய டின்னைத் தூக்கிப் பார்த்தாள். மணிக்கட்டு இடம் கொடுக்கவில்லை.

"விடுங்க அத்தை, நான் போறேன்." ஃபெபி சால்வையை எடுத்தாள்.

முன்னறையில் நாற்காலி நகர்ந்தது. இஸ்ரவேல் வந்து சமையலறை வாசலில் நின்றார். மங்கி கேப், மஃப்ளர், கையில் துணிப்பை. எப்போது போட்டுக்கொண்டார் என்று தெரியவில்லை.

"நீ இரு பிள்ள" என்றார்.

நேற்றைய தாங்க்ஸைத் தவிர, ஒரு வாரத்தில் அவளிடம் பேசிய முதல் வார்த்தை.

மூன்று டின்களையும் தட்டுகளால் மூடி ஒன்றன் மேல் ஒன்றாகப் பையில் வைத்து, மடியில் குழந்தையை வைப்பது போல ஆட்டோவில் வைத்துக்கொண்டு போனார். ஃபெபி பால்கனியிலிருந்து பார்த்தாள். ஆட்டோ மூடுபனிக்குள் சீக்கிரம் மறைந்துவிட்டது.

*

இஸ்ரவேல் அந்தப் பட்டிக்கு டோனியோடு எப்போதோ ஒரு தடவை வந்திருக்கிறார். அவரை ஷகீல் பாய்க்கு அடையாளம் தெரியவில்லை. டின்களைத் தெரிந்தது.

"அரே! டோனி வாலே டின்!" என்று மாவுக் கையோடு எழுந்து வந்தார். "நீங்க அவர் அப்பாஜிதானே? ரெண்டு கிறிஸ்துமஸா ஆளையே காணோமே. டோனி பையா எங்கே?"

ஹிந்தியில்தான் கேட்டார். இஸ்ரவேலுக்கு ஹிந்தி தண்ணீர் பட்ட பாடு. சாஸ்திரி பவனில் உட்கார்ந்து வாழ்நாள் முழுக்க ஃபைல்களில் குறிப்பு எழுதியவர். ஒரு விஷயத்தை யாரும் குறை சொல்ல முடியாதபடி எப்படிச் சொல்வது என்பது அவருக்கு அத்துப்படி. இப்போது ஒரே ஒரு வார்த்தைதான் வந்தது.

"பாஹர்" என்றார். வெளியூரில்.

"துபாயா?"

இஸ்ரவேல் தலையை ஆட்டினார்.

"எல்லாரும் போறாங்க" என்றார் ஷகீல் பாய், பெருமூச்சோடு. "என் மச்சானும் போயிட்டான்."

காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, மூன்று துண்டுக் காகிதங்களில் பெயர் எழுதினார். பல வீட்டு டின்கள் ஒன்றாக வேகிற பட்டி அது. யாருடையது எது என்று தெரிய, பெயர் எழுதிய காகிதத்தை மாவின் மேலேயே வைத்துவிடுவார்கள். பேனா மை சூட்டில் மங்கிப்போகும். பென்சில் எழுத்து அப்படியே நிற்கும். மூன்று டின்னிலும் ஒரே பெயர். ஹிந்தியில், கொட்டை எழுத்தில்: டோனி.

இஸ்ரவேல் பார்த்துக்கொண்டேதான் நின்றார். மாற்றி எழுதுங்கள் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்.

விடியற்காலையில் பட்டி கொதிக்கிற சூட்டில் இருக்கும்போது ரொட்டி போகும். அது வெந்து வெளியே வந்ததும் பன்னும் ரஸ்க்கும். அப்புறம் பிஸ்கட். விறகை வெளியே வாரிவிட்ட பிறகும் செங்கல் மணிக்கணக்கில் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். மெல்ல மெல்ல இறங்குகிற அந்தச் சூட்டில்தான், எல்லாவற்றுக்கும் கடைசியாக, கேக். அது அவசரப்படுத்தக் கூடாத பண்டம். ஷகீல் பாய் வெறுங்கையைப் பட்டி வாய்க்குள் நீட்டிப் பார்த்தார். தலையசைத்துவிட்டு, நீண்ட மரத் துடுப்பில் டின்களை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளி, தகரக் கதவைச் சாத்தினார்.

"போயிட்டு அப்புறமா வாங்க அப்பாஜி."

"இல்ல. இருக்கேன்."

குளிருக்குப் பட்டிப் பக்கம் இதமாகத்தான் இருந்தது. மாவு மூட்டை மேல் உட்கார்ந்தார். டீ வந்தது. வாசம் மெல்லக் கிளம்பியது. முதலில் வெண்ணெய், பிறகு கிராம்பும் ஜாதிக்காயும், பிறகு அந்தக் கருகிய சீனி.

"கிறிஸ்துமஸ்தான் முடிஞ்சு போச்சே" என்றார் ஷகீல் பாய், பிஸ்கட் மாவை உருட்டிக்கொண்டே. "இவ்வளவு பெரிய கேக். கல்யாணமா?"

"ஹாங்" என்றார். ஆமாம்.

"யாருக்கு?"

பஹூ என்ற வார்த்தை இஸ்ரவேலின் வாய் வரைக்கும் வந்தது. மருமகளுக்குக் கல்யாணம் என்று சொன்னால் அடுத்த கேள்வி தானாக வரும். அந்தக் கேள்விக்கு அவரிடம் ஒரே ஒரு பதில்தான் உண்டு. அதை இன்னும் அவர் யாரிடமும் தன் வாயால் சொன்னதில்லை. இரண்டு வருஷமாகச் சொல்ல வேண்டிய இடத்தில் எல்லாம் இன்பராணிதான் சொல்லியிருக்கிறாள்.

"மேரி பேட்டி கீ" என்றார்.

என் மகளுக்கு. சொன்ன பிறகு அந்தச் சத்தத்தைத் தானே கேட்டது போல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"முபாரக், முபாரக்!" ஷகீல் பாய் மாவுக் கையை நெஞ்சில் வைத்தார். "டோனிக்குத் தங்கை இருக்கறது எனக்குத் தெரியவே தெரியாது. கல்யாணத்துக்கு வர்றார்தானே? தங்கை கல்யாணத்துக்கு வராம இருப்பாரா! வந்தா இங்க ஒரு எட்டு அனுப்புங்க."

இஸ்ரவேல் டீயைக் குடித்தார். டீ ஆறிப்போயிருந்தது.

சாயங்காலம் கதவைத் திறந்தபோது சந்து முழுக்க வாசம் பரவியது. ஷகீல் பாய் மெல்லிய குச்சியைக் குத்தி இழுத்துக் காட்டினார். ஒன்றும் ஒட்டவில்லை. மூன்று கேக்கும் நடுவில் லேசாக எழும்பி, கறுத்து, மினுமினுவென்று இருந்தன. மேலே காகிதம் மூன்றும் பழுப்பேறியிருந்தன. எழுத்து மட்டும் மாறவே இல்லை.

இஸ்ரவேல் பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். இந்தப் பெயரோடு இதை எப்படி வீட்டுக்குக் கொண்டுபோவது? ஃபெபிதான் கதவைத் திறப்பாள். அவள்தான் பையை வாங்குவாள்.

ஷகீல் பாய் வேறு வேலையாக உள்ளே போன நேரம், பெரிய கேக்கின் மேலிருந்த காகிதத்தின் ஓரத்தை நகத்தால் கிளப்பி இழுத்தார்.

சூடான கேக்கில் கை வைக்கக் கூடாது என்பது அவருக்குத் தெரியாத விஷயமில்லை. இன்பராணி வருஷா வருஷம் எல்லோரையும் அதற்காகத்தான் அதட்டுவாள். காகிதம் சீனிப் பிசினில் ஒட்டிக்கொண்டிருந்தது. அது வந்தபோது மேல் தோலும், தோலோடு உள்ளங்கை அகலத்துக்குக் கேக்கும் பெயர்ந்துகொண்டு வந்தன. நடுவில் திராட்சை தெரிய ஒரு பள்ளம் விழுந்தது.

பெயர்ந்ததைத் திரும்ப வைத்து அழுத்திப் பார்த்தார். அது இன்னும் உதிர்ந்தது. மற்ற இரண்டு காகிதங்களையும் தொட அவருக்குத் தைரியம் வரவில்லை.

*

"சூட்டோட எவனாவது கைய வைப்பானா?"

இன்பராணி சாப்பாட்டு மேசை முன்னால் நின்று கத்தினாள். டின்கள் மூன்றும் செய்தித்தாள் மூடி மேசை மேல் இருந்தன. பெரியதை மட்டும்தான் திறந்திருந்தாள்.

"சின்னப் பிள்ளையா நீங்க? பிய்ச்சுத் திங்கணும்னா பிஸ்கட் வாங்கித் தின்னிருக்கலாம்லா? ஒரு காரியம்! இந்த வீட்டுல நடக்கிற ஒரு காரியத்தையாவது நல்லாச் செய்யணும்னு உங்களுக்கு இல்ல. வேண்டாம்னா வேண்டாம்னு வாயத் தொறந்து சொல்லியிருக்கணும். இப்பிடியா அந்தப் பிள்ளைக்க கேக்கப் பிய்ச்சு எறிவீக?"

இஸ்ரவேல் மங்கி கேப்பைக்கூடக் கழற்றாமல் சுவரோரம் நின்றிருந்தார். சட்டைப் பைக்குள் விட்ட கையை எடுக்கவில்லை.

"அத்தை, பஸ். போதும்" என்றாள் ஃபெபி. "மாமா வேணும்னு பண்ணியிருக்க மாட்டார்."

மற்ற இரண்டும் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க அவள் செய்தித்தாளை விலக்கினாள்.

நடு டின்னில் டோனி. சின்ன டின்னில் டோனி.

இன்பராணிக்கு ஹிந்தி எழுத்துக் கூட்டிப் படிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. படித்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ஃபெபி நின்றபடியே பார்த்தாள். பள்ளம் விழுந்த பெரிய கேக்கைப் பார்த்தாள். பிறகு இஸ்ரவேலின் சட்டைப் பையைப் பார்த்தாள்.

"ஷகீல் பாய்க்குத் தெரியாதா மாமா?"

அவர் இல்லையென்று தலையசைத்தார்.

"கேட்டாரா?"

"கேட்டாரு."

"என்ன சொன்னீங்க?"

"வெளியூர்ல இருக்கான்னேன்." கனைத்துக்கொண்டார். "துபாயில."

இன்பராணி சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"பொறவு யாருக்குக் கல்யாணம்னு கேட்டாரு. எம்மவளுக்குன்னேன்."

ஃபெபி கையிலிருந்த செய்தித்தாளை மடித்து வைத்தாள்.

"ரெண்டுமே பொய்யா மாமா?" என்றாள் ஃபெபி. கேலியாகத்தான் கேட்க நினைத்தாள். பாதியில் குரல் உடைந்துவிட்டது.

இஸ்ரவேல் முதல் முறையாக அவள் முகத்தைப் பார்த்தார்.

"ஒண்ணுதாம்மா பொய்."

ஃபெபி அப்படியே மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். டோனி போன அன்றும் அவள் இந்த மனிதர் முன்னால் இப்படி அழுததில்லை. அவர் எதிரில் நின்று என்ன செய்வதென்று தெரியாமல் மஃப்ளரை அவிழ்த்து நீட்டினார். அவள் அதை வாங்கி முகத்தை மூடிக்கொண்டாள்.

"பாஸ்டர் வந்தா நாந்தான் நடத்திக் கூட்டிட்டு வாரேன்னு சொல்லிரு, இன்பம்" என்றார். "மாட்டேன்னு நான் நினைக்கவே இல்ல. ஆனா உள்ள கூட்டிட்டுப் போயி, கையப் புடிச்சுக் குடுத்துட்டு, நான் மட்டும் தனியாத் திரும்பி வந்து பெஞ்சுல உக்காரணும். அத நினைச்சாத்தான்… ஒரு வாரமா அந்த இடத்துக்கு வந்து வந்து நின்னுபோவுது."

இன்பராணி எழுந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு பெரிய கேக்கின் பள்ளத்தைக் குனிந்து பார்த்தாள். உதிர்ந்ததை விரலால் ஒதுக்கினாள்.

"ஆறட்டும்" என்றாள் மெதுவாக. "உதிர்ந்தத ஜாமுல பிசைஞ்சு இதுல அடைப்பேன். மேல முந்திரி விழுது, அதுக்கும் மேல ஐசிங். வெளிய தெரியாது." கொஞ்சம் நிறுத்தி, "வெட்டுறப்ப அந்த இடம் மட்டும் கொஞ்சம் ஈரமா இருக்கும். அவ்வளவுதான்" என்றாள். "அந்தத் தாளக் குடுங்க."

இஸ்ரவேல் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கேக் ஒட்டிய காகிதம். அவள் அதை மடிக்காமல் கொள்ளாமல் உள்ளங்கையிலேயே வைத்திருந்தாள்.

ஃபெபி மஃப்ளரைத் தோளில் போட்டுக்கொண்டு தொலைபேசி இருக்கும் மூலைக்குப் போனாள். ரிசீவரை எடுத்து, நாக்பூர் எண்ணைச் சுழற்ற ஆரம்பித்தாள்.

"யாருக்குப் பிள்ள?" என்றாள் இன்பராணி. குரலில் பயம் தட்டியது.

"ஞானராஜுக்கு."

"இந்நேரத்துல என்ன? நாளைக்கு அவரே பேசுவாருல்லா?"

ஃபெபிக்கு ஓர் எண் தப்பிப்போனது. வைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து சுழற்றினாள்.

அப்போது வாசல் மணி அடித்தது.

இஸ்ரவேல் மங்கி கேப்பைக் கழற்றி, தலைமயிரைக் கையால் படியவிட்டுக்கொண்டு, தானே போய்க் கதவைத் திறந்தார். போதகர் குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டு நின்றிருந்தார்.

"வாங்க பாஸ்டர்" என்றார் இஸ்ரவேல். "பொண்ணோட அப்பா நாந்தான். உள்ள வாங்க."

பின்னால், மூலையில், நாக்பூரில் யாரோ போனை எடுத்துவிட்டார்கள்.

"நான் ஃபெபி பேசறேன்" என்ற குரல் கேட்டது. "ஒரு விஷயம் கேக்கணும். நீங்க வேண்டாம்னு சொன்னாலும் எனக்குக் கோவம் வராது. ஆனா கல்யாணத்துக்கு முன்னாடியே கேட்டாகணும். அத்தையும் மாமாவும் இனிமே நம்மகூடவே இருக்கலாமா?"

இன்பராணி காகிதத்தோடு அப்படியே நின்றாள். போதகர் வாசலைத் தாண்டி ஒரு காலை உள்ளே வைத்துவிட்டு, மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.